ஐடி பரேடில் மூன்று முறை தொட்டுக் காட்டினால் போதுமா?

3 பிப்ரவரி 2025, மாலை. வாசகர் கேள்வி

"குற்ற விசாரணையில உளவியல்னு பெரிசா பேசுறாங்க. நம்ம ஊர்ல அதுக்கு என்ன வேலை? நார்கோ டெஸ்ட்டை சுப்ரீம் கோர்ட் நிறுத்தியாச்சு. பொய் கண்டுபிடிக்கிற மெஷின் ரிப்போர்ட்டை எந்த ஜட்ஜும் எடுக்க மாட்டார். மிச்சம் இருக்கிறது சாட்சி. நேர்ல பார்த்தவர், ஜெயிலுக்குள்ள மாஜிஸ்ட்ரேட் முன்னாடி மூணு தடவை தொட்டுக் காட்டிட்டார்னா அதுக்கு மேல என்ன உளவியல் வேணும்?"

3 பிப்ரவரி, இரவு

நார்கோவை முதலில் முடித்துவிடலாம். செல்வி எதிர் கர்நாடகா வழக்கில் 2010 மே 5 அன்று வந்த தீர்ப்பு, சம்மதம் இல்லாமல் நார்கோ, பாலிகிராஃப், மூளை மின்னலைச் சோதனை மூன்றையும் செய்யக்கூடாது என்றது. சம்மதத்தோடு செய்தாலும் அந்த முடிவு தன்னளவில் சாட்சியம் ஆகாது. அதன் வழியாக ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால் அது மட்டும் உள்ளே வரலாம். அதோடு விட்டுவிடுவோம். ஊசி போட்டு உண்மை வாங்குவதை உளவியல் என்று சொல்வதே அந்தத் துறைக்குச் செய்யும் அநியாயம்.

நீங்கள் கேட்ட அந்த மூன்று தடவைக்கு வருகிறேன். அதுதான் ஐடி பரேடு: எதிரியை, அதாவது குற்றம் சாட்டப்பட்டவரை, வேறு ஆட்களோடு வரிசையில் நிறுத்தி, சாட்சியை அடையாளம் காட்டச் சொல்வது. முதல் சுற்றில் சாட்சி தன் நினைவில் இருக்கும் முகத்தையும் வரிசையில் நிற்கும் முகங்களையும் ஒப்பிடுகிறார். இரண்டாம் சுற்றில் எதிரியின் சட்டையை மாற்றி, இடத்தை மாற்றி நிறுத்துகிறார்கள். இப்போது சாட்சி ஒப்பிடுவது சம்பவ இடத்து முகத்தோடு அல்ல, ஐந்து நிமிடத்துக்கு முன் தான் தொட்ட முகத்தோடு. சட்டை மாறும், முகம் மாறாது. மூன்றாம் சுற்றும் அதேதான். முதல் சுற்றில் தவறான ஆளைத் தொட்டவர் மூன்று முறையும் அதே தவறான ஆளைத் தொடுவார், ஒவ்வொரு முறையும் இன்னும் உறுதியாக. அறிக்கையில் "மூன்று முறையும் சரியாக அடையாளம் காட்டினார்" என்று இருந்தால் தகவல் உள்ளது ஒன்றில் மட்டும்.

இடம் மாற்றச் சொல்லும் விதி இருக்கிறது. ஆனால் அது ஒரு சாட்சி வெளியே போய் அடுத்த சாட்சி உள்ளே வரும் இடைவெளியில் செய்ய வேண்டியது. முன்னால் போனவர் "இடமிருந்து நாலாவது ஆள்" என்று காதில் போட்டுவிடக் கூடாது என்பதற்காக.

4 பிப்ரவரி

"அப்போ சாட்சியமே வேஸ்டா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அப்படிச் சொல்லவில்லை.

உளவியலாளர் கேரி வெல்ஸ் 1978-ல் ஒரு பிரிவினை செய்தார், அது இன்றும் உதவுகிறது. சாட்சியின் துல்லியத்தைக் கெடுக்கும் காரணிகள் இரண்டு வகை. வெளிச்சம், தூரம், பயம், கையில் ஆயுதம், எத்தனை நொடி பார்த்தார் என்பதெல்லாம் நடந்து முடிந்தவை, அவற்றை மதிப்பிட மட்டும் முடியும். என்ன கேள்வி கேட்டோம், வரிசையில் யாரை நிறுத்தினோம், என்ன அறிவுரை சொன்னோம், யார் பக்கத்தில் நின்றார் என்பவை நம் கையில் இருப்பவை. கோர்ட்டில் முதல் வகையைப் பற்றித்தான் மணிக்கணக்கில் குறுக்கு விசாரணை நடக்கும். "தெருவிளக்கு எரிந்ததா?" "எரிந்தது." "எந்தப் பக்கம்?" இரண்டாம் வகையைப் பற்றிக் கேள்வியே வராது.

5 பிப்ரவரி

என் வாதம் இதுதான்: பரேடின் தரம் ஸ்டேஷனில் முதல் வாக்குமூலம் எழுதும்போதே பாதி முடிவாகிவிடுகிறது.

ஏதாவது ஒரு வழிப்பறி எஃப்.ஐ.ஆரை எடுத்துப் பாருங்கள். "சுமார் 25 வயது மதிக்கத்தக்க, பெயர் விலாசம் தெரியாத மூன்று நபர்கள்… மீண்டும் பார்த்தால் அடையாளம் காட்டுவேன்." சாட்சி இதைச் சொல்லவில்லை, ஸ்டேஷன் ரைட்டரின் கை சொல்கிறது. முகத்தைப் பற்றி ஒரு சொல் கிடையாது. மூன்று மாதம் கழித்து பரேடில் ஒருவரைத் தொட்டால், அந்த முகம் அன்று மனதில் இருந்ததா, இடையில் புகுந்ததா என்று சரிபார்க்க எதுவும் இல்லை.

சாட்சியிடம் பேட்டி எடுக்கும் முறைக்கு ஃபிஷர், கைசல்மேன் என்ற உளவியலாளர்கள் 1980-களில் ஒரு வடிவம் கொடுத்தார்கள். இங்கே அதைச் செய்யப் பெரிய பயிற்சி வேண்டாம்.

சாட்சியை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, "எனக்கு அங்க நடந்தது தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும்" என்று முதலிலேயே சொல்ல வேண்டும். போலீஸுக்கு எல்லாம் தெரியும், நாம் ஒத்துப் பேசினால் போதும் என்ற நினைப்போடுதான் ஆட்கள் ஸ்டேஷன் வாசலேறுகிறார்கள். அடுத்து இடத்தை மனதில் திரும்பக் கொண்டுவரச் சொல்ல வேண்டும்: எங்கே நின்றீர்கள், என்ன சத்தம், கையில் என்ன வைத்திருந்தீர்கள். பிறகு முழுவதையும் அவர் போக்கில் சொல்ல விடவேண்டும், குறுக்கே ஒரு கேள்வியும் கூடாது. எல்லோரும் தவறுவது இங்கேதான். சாட்சி மூச்சு விட நிறுத்தினால் உடனே "எத்தனை பேர்? வண்டி நம்பர்?" என்று பாய்கிறோம். அந்த நிறுத்தத்தில் அவர் தேடிக்கொண்டிருக்கிறார், பாய்ந்தால் தேடல் அறுந்துவிடும். முடித்த பிறகு, அவர் சொன்ன வரிசையிலேயே கேள்விகள். கடைசியில் இருந்து முன்னுக்கு ஒரு முறை சொல்லச் சொல்வதும் உண்டு, நேரம் இருந்தால்.

கேள்வியின் வடிவம்: "முகம் எப்படி இருந்துச்சு?" சரி. "மீசை வெச்சிருந்தானா?" சரியில்லை. "அந்த மீசைக்காரன் எந்தப் பக்கம் ஓடினான்?" விஷம். இல்லாத மீசையை முளைக்க வைக்கும். லாஃப்டஸ், பாமர் இருவரும் 1974-ல் செய்த சோதனை இதற்குப் பாடம். விபத்துக் காட்சி பார்த்தவர்களிடம் கார்கள் "மோதியபோது" என்ன வேகம் என்று சிலரிடமும், "நொறுங்க மோதியபோது" என்று சிலரிடமும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடி பார்த்தீர்களா என்றபோது முதல் குழுவில் 50 பேரில் 7 பேரும் இரண்டாம் குழுவில் 50 பேரில் 16 பேரும் ஆம் என்றார்கள். காட்சியில் கண்ணாடி உடையவே இல்லை.

5 பிப்ரவரி, சிறு சேர்க்கை

முகத்தை விவரிக்கச் சொன்னாலே பிறகு அடையாளம் காணும் திறன் குறையும் என்ற ஆய்வை ஒரு நண்பர் சுட்டினார். 1990-ல் ஸ்கூலர் குழு காட்டியது அது. 2014-ல் பல ஆய்வகங்கள் சேர்ந்து திரும்பச் செய்தபோதும் விளைவு தெரிந்தது, ஆனால் முதலில் சொன்ன அளவுக்கு இல்லை. அதற்காக விவரணையே எடுக்காமல் விடுவது வீட்டைப் பூட்டாமல் போவது மாதிரி. எடுங்கள், பரேடுக்கு ஐந்து நிமிடம் முன் எடுக்காதீர்கள்.

இங்கிலாந்தில் 1976-ன் டர்ன்புல் தீர்ப்பு சொல்லும் சோதனைகளை வாக்குமூலத்திலேயே எழுதி வைக்கலாம். எவ்வளவு நேரம் பார்த்தார், என்ன தூரம், வெளிச்சம், நடுவில் மறைப்பு, முன்பின் தெரிந்தவரா, நினைவில் நிற்கத் தனிக் காரணம் உண்டா, பார்த்ததற்கும் அடையாளம் காட்டியதற்கும் இடைவெளி, முதல் விவரணைக்கும் ஆளுக்கும் வேறுபாடு. எட்டு வரி. எழுதப் பத்து நிமிடம் ஆகாது.

6 பிப்ரவரி

"வரிசையில ஒருத்தர் மட்டும் கையில மாவுக்கட்டோட நின்னா?" என்று கேட்டவருக்கு: பாத்ரூம் தரை நம் ஊரில் மிகவும் வழுக்கும் என்பதால் இது கற்பனைக் கேள்வி அல்ல. எல்லோர் கையிலும் துணி சுற்றி மறைக்கலாம். முடியாவிட்டால் கட்டுப் பிரிக்கும்வரை பரேடு வேண்டாம். மாவுக்கட்டோடு நடந்த பரேடு ஆளுக்கு நடந்தது அல்ல, கட்டுக்கு நடந்தது.

8 பிப்ரவரி

உடன் நிற்பவர்கள் பற்றி. உயர்நீதிமன்ற விதிகள் சொல்வது தெளிவு: அதே வயது, உயரம், தோற்றம், சமூக நிலை. கண்ணில் படும் உடை இருந்தால் மற்றவர்க்கும் அதுபோல் கொடு, அல்லது கழற்றச் சொல். ஒரு எதிரிக்கு ஐந்து முதல் பத்துப் பேர் என்பது நீதிமன்றங்கள் வழக்கமாக எதிர்பார்க்கும் அளவு. இங்கிலாந்தில் வீடியோ அடையாளத்துக்குக் குறைந்தது எட்டுப் பேர்.

ஆனால் தலை எண்ணிக்கையை வைத்து ஏமாறக் கூடாது. விவரணை "ஒல்லி, கறுப்பு, 20 வயது, சுருட்டை முடி" என்றால், உடன் நிற்கும் ஒன்பது பேரில் ஆறு பேர் நடுத்தர வயது தொப்பைக்காரர்கள் என்றால், எதிரியோடு சேர்த்து உண்மையில் வரிசையில் நிற்பது நான்கு பேர். ஜெயிலில் அன்று கையில் கிடைத்த விசாரணைக் கைதிகளை நிறுத்தினால் இதுதான் நடக்கும். உள்ளே வந்து இரண்டு நாளான ஆளின் திருதிருவென்ற பார்வையும், ஆறு மாதம் இருந்தவரின் அலட்சியமும் கூட வேறுபடும்.

இதை அளக்க எளிய வழி உண்டு. டூப், கிர்ஷன்பாம் இருவரும் 1973-ல் ஒரு கனடா வழக்குக்காகச் செய்தது. வரிசையின் புகைப்படத்தை, சம்பவத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஆட்களிடம் காட்டி, சாட்சி சொன்ன விவரணையை மட்டும் படித்துக்காட்டி, "இதில் யாராக இருக்கும்?" என்று கேட்க வேண்டும். பத்துப் பேர் வரிசை, முப்பது பேரிடம் கேட்டால் எதிரிக்கு மூன்று கை விழுந்தால் நியாயம். பன்னிரண்டு விழுந்தால் 30-ஐ 12-ஆல் வகுங்கள்: உங்கள் பத்துப் பேர் வரிசையின் நிஜ அளவு இரண்டரைப் பேர். எதிர்த்தரப்பு வக்கீல்கள் இதை ஏன் செய்வதில்லை என்றால், வரிசையின் புகைப்படம் கோப்பில் இருக்காது. அதனால் முதல் கோரிக்கை புகைப்படம். உடன் நின்றவர்களின் பெயர், வயது, உயரம் அறிக்கையில் இருந்தால் அதுவும் ஓரளவு போதும்.

8 பிப்ரவரி, பின்னிரவு

நான்கு எதிரிகளை ஒரே வரிசையில் இருபது பேரோடு நிறுத்துவது விகிதப்படி சரி என்று ஒருவர் வாதிடுகிறார். விகிதம் சரி, கணக்கு தப்பு. கண்ணை மூடிக் கை நீட்டினாலும் ஏதோ ஒரு எதிரி மேல் படும் வாய்ப்பு ஆறில் ஒன்று. அப்படி நான்கு முறை நீட்டச் சொல்கிறோம். நான்குமே எதிரியல்லாதவர் மேல் விழும் வாய்ப்பு பாதிக்கும் கீழே. ஒரு வரிசைக்கு ஒரு எதிரி. ஆள் கிடைக்கவில்லை என்றால் நாளை வை.

12 பிப்ரவரி

பரேடு நேரம். மனிதர்கள் வரிசையைப் பார்க்கும்போது "இவன்தானா?" என்று கேட்பதைவிட "இதில் யார் அதிகம் ஒத்துப்போகிறான்?" என்று தேடுகிறார்கள். வெல்ஸ் 1993-ல் இதைக் காட்டினார். நாடகக் குற்றம் பார்த்த 200 பேரில் ஒரு பாதிக்கு உண்மைக் குற்றவாளி உள்ள வரிசை. 54 சதவீதம் அவரைச் சரியாகக் காட்டினார்கள், 21 சதவீதம் யாரும் இல்லை என்றார்கள். மறுபாதிக்கு அதே வரிசை, குற்றவாளியை மட்டும் எடுத்துவிட்டு. அந்த 54 சதவீதம் பேரும் இப்போது "இல்லை" பக்கம் போயிருக்க வேண்டும் அல்லவா? "இல்லை" என்றது 32 சதவீதம்தான். மற்றவர்கள் அடுத்த சாயலுக்குத் தாவினார்கள்.

ஆகவே அறிவுரை அவசியம். சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "நீங்க பார்த்த ஆள் இந்த வரிசையில இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். யாரையும் காட்டாம போனாலும் தப்பில்ல. விசாரணை அதுபாட்டுக்கு நடக்கும். இங்க இருக்கிற யாருக்கும் உங்களுக்கு உதவி பண்ண அனுமதி இல்ல." சாட்சி புழலுக்கோ பாளையங்கோட்டைக்கோ பஸ் ஏறி வந்து, கேட்டில் காத்திருந்து, சோதனை முடிந்து உள்ளே வருகிறார். இவ்வளவு பாடுபட்டு யாரும் இல்லை என்று சொல்ல மனம் வராது. இந்த நான்கு வரி அந்த அழுத்தத்தைக் கொஞ்சம் இறக்கும்.

தொட்டதும், வேறு எதுவும் பேசுவதற்கு முன், "எவ்வளவு நிச்சயமா சொல்றீங்க?" என்று கேட்டு அவர் சொன்ன சொல்லையே எழுத வேண்டும். "இவன்தான்" என்றால் அது. "இவன் மாதிரி இருக்கான்" என்றால் அது. "அடையாளம் காட்டினார்" என்று இரண்டையும் ஒரே வாக்கியத்தில் அடைத்தால் வழக்கின் மிக விலை மதிப்பான தகவல் அங்கேயே போய்விட்டது. விக்ஸ்டெடும் வெல்ஸும் 2017-ல் தொகுத்துச் சொன்னது இதுதான்: வரிசை ஒழுங்காக நடந்திருந்தால், அந்த முதல் நொடியின் உறுதி நம்பத்தக்கது. பிறகு வரும் உறுதி அப்படியல்ல.

ஏன் என்றால், 1998-ல் வெல்ஸ், பிராட்ஃபீல்ட் சோதனை. குற்றவாளியே இல்லாத வரிசையில் ஆட்களைத் தேர்வு செய்யவைத்தார்கள். எல்லோரும் தவறு. சிலரிடம் மட்டும் "நல்லது, சரியான ஆளைக் காட்டினீர்கள்" என்று ஒரு வரி. அந்த ஒரு வரி கேட்டவர்கள், தேர்வு செய்த நேரத்திலேயே நிச்சயமாக இருந்ததாகவும், முகத்தை நன்றாகப் பார்த்ததாகவும், கவனமாக இருந்ததாகவும் சொன்னார்கள். நினைவின் உறுதி மட்டுமல்ல, பார்த்த விதமே பின்னோக்கி மாறுகிறது. வெளியே டீக்கடையில் ஒரு ஏட்டு "கரெக்டா புடிச்சிட்டீங்கண்ணே" என்றால் போதும்.

13 பிப்ரவரி

"நடத்துபவருக்கே எதிரி யார் என்று தெரியக்கூடாது என்கிறார்களே, இங்கே மாஜிஸ்ட்ரேட்டுக்குத் தெரியுமே?" நல்ல கேள்வி, இரண்டு நாளாக யோசிக்க வைத்தது. தெரியாமல் இருக்க வழியில்லை. எந்த இடத்தில் நிற்கிறாய், ஆட்சேபணை உண்டா என்று எதிரியிடமே கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். அது எதிரியின் பாதுகாப்பு, அதைப் பறிக்கச் சொல்ல மாட்டேன்.

செய்யக்கூடியது: சாட்சி உள்ளே வந்ததும் அறிவுரையை எழுதியபடி வாசித்துவிட்டு, மாஜிஸ்ட்ரேட் சாட்சியின் பின்னால், முகம் தெரியாத இடத்தில் நிற்கலாம். வாயைத் திறக்கக் கூடாது. "நல்லா பாருங்க", "அவசரம் இல்ல, இன்னொரு தடவை பாருங்க" என்பது கூட, சாட்சி தவறான ஆளின் முன் நிற்கும்போது மட்டும் வந்தால் அது குறிப்புதான். உடன் இருக்கும் வார்டருக்கும் ஆள் தெரியும், அவரையும் கண்பார்வையில் இருந்து நகர்த்த வேண்டும்.

போலீஸ் அங்கே இருக்கவே கூடாது என்பதற்குச் சட்டக் காரணமும் உண்டு. ராம்கிஷன் மித்தன்லால் சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1954-லேயே சொன்னது: போலீஸ் முன்னிலையில் அடையாளம் காட்டுவது போலீஸிடம் சொன்ன வாக்குமூலத்துக்குச் சமம், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 162-ன் தடையில் விழும். இப்போது அதன் இடத்தில் வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 181.

ஒவ்வொருவராகக் காட்டுவதா, வரிசையாக நிறுத்துவதா என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. ஆராய்ச்சியாளர்களே இன்னும் அதில் ஒத்துப்போகவில்லை, நம் ஜெயில் முற்றத்தில் அதற்கு முன் செய்ய வேண்டியவை நிறைய.

16 பிப்ரவரி

"உயிர் போற பயத்துல பார்த்த முகம் மறக்காது" என்று மூன்று பேர் எழுதிவிட்டார்கள். சினிமா வசனமாக நன்றாக இருக்கிறது. அமெரிக்க ராணுவத்தில் சிறைப்பிடிப்புப் பயிற்சி பெற்ற 500-க்கும் மேற்பட்ட வீரர்களிடம் மோர்கன் குழு 2004-ல் வெளியிட்ட ஆய்வு: தங்களைச் சுமார் 40 நிமிடம் எதிரே உட்கார்ந்து விசாரித்த ஆளை, ஒரு நாள் கழித்து நேரடி வரிசையில் காட்டச் சொன்னார்கள். மென்மையான விசாரணையை எதிர்கொண்டவர்களில் ஏறத்தாழ 62 சதவீதம் சரி. அடி உதையுள்ள கடும் விசாரணையில் 30 சதவீதம். பயிற்சி பெற்ற ராணுவத்தான், நல்ல வெளிச்சம், 40 நிமிடம். நம் சாட்சி பார்த்தது நான்கு நொடி, அதிலும் கண் அரிவாளின் மேல்.

தூரத்துக்கு உளவியலாளர் வாகெனார் சொன்ன தோராயக் கணக்கு ஒன்று உண்டு: 15 மீட்டருக்குள், 15 லக்ஸ் வெளிச்சத்துக்கு மேல் இருந்தால்தான் முகம் அடையாளம் காணும் சாட்சியத்தை நம்பலாம். லக்ஸ் மீட்டர் விலை அதிகமில்லை. பார்வை மகஜரில் (சம்பவ இடத்தைப் பார்த்து எழுதும் குறிப்பில்) "மின்விளக்கு வெளிச்சம் இருந்தது" என்று எழுதுவதற்குப் பதில், அதே நேரத்தில், அதே இடத்தில், முகம் இருந்த உயரத்தில் அளந்து எழுதினால் அரசுத் தரப்புக்கே பலம். விளக்கை மாற்றுவதற்கு முன் போங்கள்.

17 பிப்ரவரி

இன்னொருவர் "முகம் நினைவில் இருந்தால் அந்த ஆள்தான்" என்று எழுதியிருக்கிறார். டொனால்ட் தாம்சன், ஆஸ்திரேலிய உளவியலாளர், 1970-களில் பாலியல் வன்முறை வழக்கில் அடையாளம் காட்டப்பட்டார். குற்றம் நடந்த நேரத்தில் அவர் டிவி நேரலையில் இருந்தார். பாதிக்கப்பட்டவர் அந்த நேரத்தில் டிவி திரையில் கண்ட முகம் குற்றவாளியின் முகமாக நினைவில் ஒட்டிக்கொண்டது. நிகழ்ச்சியில் அவர் பேசிக்கொண்டிருந்தது சாட்சிகளின் நினைவாற்றல் பற்றி. கதை கட்டினால் நம்பமாட்டார்கள்.

இங்கே அந்த டிவி வேலையை பிரஸ் மீட் செய்கிறது. கைதான அன்றே படம் வாட்ஸப்பில். பிறகு முகத்தை மூடி ரிமாண்டுக்குக் கொண்டுபோவதில் என்ன பயன்? சிசிடிவி துண்டைச் சாட்சிக்குப் போட்டுக் காட்டிவிட்டு பரேடு வைப்பதும் அதே. அப்போது அவர் அடையாளம் காட்டுவது திரையில் பார்த்த ஆளை. காட்டியே ஆக வேண்டுமானால் பரேடுக்குப் பிறகு காட்டுங்கள், எப்போது, யாருக்கு என்று கேஸ் டைரியில் எழுதுங்கள்.

20 பிப்ரவரி

கோர்ட்டில் வழக்கு நடத்துபவர்களுக்கு. பரேடு தன்னளவில் முதன்மைச் சாட்சியம் அல்ல, புதிய சாட்சியச் சட்டம் (பி.எஸ்.ஏ.) 7-ன் கீழ் பொருத்தமான நிகழ்வு. கோர்ட்டில் சொல்வதுதான் முதன்மை, பரேடு அதற்குத் துணை. சட்டம் அப்படி. உளவியல் இதைத் தலைகீழாக்கிச் சொல்லும்: மூன்று வருடம் கழித்து, கூண்டில் ஒரே ஆள் நிற்கும்போது "இவர்தான்" என்பதில் தகவல் அநேகமாக இல்லை. தகவல் இருந்தது அந்த முதல் பார்வையில். இரண்டையும் சமரசம் செய்ய வழி உண்டு. காந்தா பிரசாத் வழக்கிலேயே (1958) பரேடு வைக்காதது அடையாளத்தைச் செல்லாததாக்காது, எடையைக் குறைக்கலாம் என்றார்கள். எடை என்ற இடத்தில்தான் இவ்வளவு பேசியதும் உள்ளே நுழையும்.

அரசு வழக்கறிஞர் மாஜிஸ்ட்ரேட்டை முதல் விசாரணையில் கேட்க வேண்டியவை: சாட்சிகள் எங்கே காத்திருந்தார்கள், வெளியே போனவர் உள்ளே வருபவரைச் சந்திக்க வழி இருந்ததா, என்ன அறிவுரை, சாட்சி சொன்ன அதே சொற்கள் என்ன, எவ்வளவு நேரம் எடுத்தார், முதலில் வேறு யார் முன்னாலாவது நின்றாரா. குறுக்கு விசாரணையில் வரட்டும் என்று விட்டால் மறைத்தது போல ஆகும்.

எதிர்த்தரப்பு "மூன்று முறையும் காட்டினீர்களே" என்பதை உடைக்க முயல வேண்டாம். முதல் முறை பற்றி மட்டும் கேளுங்கள்.

21 பிப்ரவரி

வீடியோ பற்றிக் கேட்டவருக்கு: பி.என்.எஸ்.எஸ். 54, அடையாளம் காட்டுபவர் மன அல்லது உடல் குறைபாடு உள்ளவர் என்றால் மாஜிஸ்ட்ரேட் மேற்பார்வையும் ஒலி-ஒளிப் பதிவும் கட்டாயம் என்கிறது. மற்றவர்களுக்குச் செய்யக்கூடாது என்று எங்கும் இல்லை. சாட்சியின் முகமும் வரிசையும் ஒரே ஃபிரேமில் வரும்படி கேமரா வைக்க வேண்டும். எதிரி மேல் மட்டும் ஃபோகஸ் செய்தால் பயனில்லை.

24 பிப்ரவரி

"எதிரி பரேடுக்கு நிற்க மாட்டேன் என்றால்?" 2023 ஆகஸ்டில் முகேஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், பரேடில் நிற்பது, தனக்கு எதிராகவே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்னும் அரசியல் சாசனம் 20(3)-ஐ மீறாது, மறுக்க உரிமை இல்லை என்றது. "என் படத்தை ஸ்டேஷனில் ஏற்கெனவே காட்டிவிட்டார்கள்" என்பது காரணமானால், மறுப்பதைவிட நின்றுவிட்டு அதை ஆட்சேபணையாக மாஜிஸ்ட்ரேட்டிடம் சொல்வது நல்லது. எந்தத் தேதி, யார் காட்டினார், எந்தச் சாட்சிக்கு என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். மாஜிஸ்ட்ரேட் அதைப் பதிவு செய்தே ஆக வேண்டும். ரிமாண்ட் நாளிலேயே சொல்லிவிட்டால் இன்னும் நல்லது, பரேடு நாளில் யோசித்துச் சொன்னது என்ற பேச்சு வராது.